ரஷ்ய எரிச்சலை ஆங்கிலத்தில் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பம்புக்கும் வால்வுக்கும் அகராதி இருக்கிறது. ரஷ்யாவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்கள், கூடங்குளத்தில் ரஷ்யப் பொறியாளர்களோடு வேலை செய்கிறவர்கள், ரஷ்யப் படங்களுக்கு ஆங்கில வசன வரி எழுதுகிறவர்கள் எல்லோருமே தொழில் சொற்களைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் கடுப்பாகி வாயைத் திறக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அவர் சொன்னது 'கொஞ்சம் தொந்தரவாக இருக்கிறது' என்பதா, 'இன்னொரு வார்த்தை பேசினால் எழுந்து போய்விடுவேன்' என்பதா? இரண்டுக்கும் 'அனாயிங்' என்று போட்டுவிட்டால் ஆங்கில வாக்கியத்தில் பிழை இருக்காது. ஆனால் பேசியவர் எந்த அளவுக்குக் கொதித்தார் என்பது கேட்பவருக்குப் போய்ச் சேராது.

நான் வேலை செய்கிற முறையின் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு எரிச்சலுக்கும் ஒரு வயது உண்டு, அதாவது எத்தனை நாளாகச் சேர்ந்தது என்பது; ஒரு சூடு உண்டு, அதாவது எவ்வளவு கொதிக்கிறது என்பது. ரஷ்ய மொழி இந்த இரண்டையும் பெரும்பாலும் வினைச்சொல்லின் வடிவத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலோ எந்த மரபுத்தொடரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் அது தெரியும். ஆகவே வயதையும் சூட்டையும் முதலில் பிடிக்க வேண்டும். கல்லீரல், முள்ளங்கி, சுவர், ஒட்டகம் என்று இரண்டு மொழிகளும் காட்டுகிற படங்களை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு சின்னக் குறிப்பு. ரஷ்யச் சொற்களை எழுத்துக்கு எழுத்து மாற்றாமல் காதில் விழுகிறபடியே எழுதியிருக்கிறேன். ரஷ்யத்தில் அழுத்தம் விழாத 'ஓ' பேச்சில் 'அ' ஆகிவிடும். தஸ்தயேவ்ஸ்கி என்று நாம் எழுதுவதும் அதே கணக்குத்தான்.

முதல் படி: யார், யாரிடம், எத்தனை நாளாக

வாக்கியத்தை மொழிபெயர்க்க உட்காருவதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எரிச்சல் மூட்டியவர் எதிரிலேயே இருக்கிறாரா, இல்லை அவரைப் பற்றி வேறு யாரிடமாவது புலம்பலா? இது இன்று காலையில் தொடங்கியதா, மாதக்கணக்கில் சேர்ந்ததா? பேசுகிறவர்கள் 'தி' என்று ஒருமையில் பேசிக்கொள்கிறார்களா, 'வி' என்று மரியாதையிலா? கோபத்துக்கு அடியில் பாசம் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அத்ஸ்தான்!' என்று அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னால் அது 'போடா, சும்மா இரு' அளவுக்குத்தான். ஆங்கிலத்தில் 'ஓ, லீவ் மீ அலோன்' போதும். அதே சொல்லைத் தெருவில் ஒரு பெண், பின்னாலேயே வருகிற அந்நியனிடம் சொன்னால் 'கெட் அவே ஃப்ரம் மீ' ஆகிவிடும். 'அத்வலீ' என்பது இன்னும் கரடுமுரடு. 'கெட் லாஸ்ட்' அதற்குச் சரியாக இருக்கும். 'அஸ்தாவ் மின்யா ஃப் பகோயே' என்பது முழு வாக்கியம், நிதானமானது, களைப்பு தொனிப்பது. 'ஜஸ்ட் லீவ் மீ இன் பீஸ்' என்றால் அந்தக் களைப்பும் கூடவே வந்துவிடும்.

இரண்டாம் படி: வினைச்சொல் எங்கே நிற்கிறது

இந்த வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரஷ்ய வினைச்சொற்கள் பெரும்பாலும் இரட்டையாக வரும். ஒன்று நடந்துகொண்டிருப்பதையோ வழக்கமாக நடப்பதையோ சொல்லும். மற்றது முடிந்துபோனதை, ஓர் எல்லையைத் தாண்டியதைச் சொல்லும். 'தஸ்தாத்' என்ற வினைக்கு நேர்ப்பொருள் எட்டிப் பிடிப்பது, வெளியே எடுப்பது. எரிச்சலில் வரும்போது 'ஓன் மின்யா தஸ்தயோத்' என்றால் 'உயிரை வாங்கிக்கொண்டே இருக்கிறான்'. 'ஓன் மின்யா தஸ்தால்' என்றால் 'வாங்கியே விட்டான், இதற்குமேல் என்னால் ஆகாது'. முதலாவதுக்கு 'ஹீ கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்' அல்லது 'ஹீ'ஸ் கெட்டிங் ஆன் மை நெர்வ்ஸ்'. இரண்டாவதுக்கு அது போதாது. 'ஐ'வ் ஹேட் இட் வித் ஹிம்' வேண்டும்.

'ஹேட் இட்' என்பதில் ஒரு முடிவு ஒலிக்கிறது. கோப்பை நிரம்பிவிட்டது, இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை. ரஷ்ய வினையின் முற்று வடிவம் சொல்வதும் அதையேதான். தமிழில் 'வாங்குகிறான்' என்பதற்கும் 'வாங்கிவிட்டான்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ரஷ்யம் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் படுகிற பாடு நமக்கு இல்லை.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. 'ம்னே நதயேலா' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எனக்குச் சலித்துவிட்டது'. எரிச்சல் படுகிறவர் எழுவாய் ஆகாமல் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், தமிழில் நிற்பதுபோலவே. 'மின்யா பியேசித்' என்பதில் அவர் இரண்டாம் வேற்றுமைக்குப் போகிறார்: 'என்னை வெறியேற்றுகிறது'. தமிழர் காதுக்கு இரண்டும் இயல்பாக இருக்கும். ஆபத்து அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. அந்த அமைப்பை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'இட் ஹேஸ் பிகம் போரிங் டு மீ' என்று எழுதினால் சூடெல்லாம் ஆறிப்போய்விடும். ஆங்கிலத்தில் பாதிக்கப்பட்டவரைத் தூக்கி முன்னால் வையுங்கள்: 'ஐ'ம் சிக் ஆஃப் இட்', 'ஐ'ம் ஃபெட் அப்'. எரிச்சல் மூட்டியதே எழுவாயாக இருக்க வேண்டுமென்றால் வலுவான வினையைக் கொடுங்கள்: 'இட் ட்ரைவ்ஸ் மீ மேட்'.

'தஸ்தால்' சொல்லைக் கண்டதுமே எரிச்சல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 'ஓன் தஸ்தால் இஸ் கர்மானா க்லூச்' என்றால் 'பையிலிருந்து சாவியை எடுத்தான்' என்று மட்டுமே பொருள். செயப்படுபொருள் ஆளாக இருந்தால் எரிச்சல் என்று சந்தேகப்படலாம். பொருளாக இருந்து, 'இருந்து' என்று பொருள்படும் 'இஸ்' கூட வந்தால் எடுத்தான் என்றுதான் அர்த்தம். எரிச்சலுக்கான காரணம் பெரும்பாலும் 'சோ ஸ்வயீமி' என்ற சொற்களோடு ஒட்டிக்கொண்டு வரும். 'தஸ்தால் தி மின்யா சோ ஸ்வயீமி வப்ரோசமி' என்பது 'உன் கேள்விகளால் என் உயிரை எடுத்துவிட்டாய்'. ஆங்கிலத்தில் 'ஐ'வ் ஹேட் இட் அப் டு ஹியர் வித் யுவர் கொஸ்டின்ஸ்'. இரண்டு மொழியிலும் 'உன்னுடைய அந்த' என்கிற குத்தல் தங்கிவிடுகிறது.

மூன்றாம் படி: சூட்டையும் வயதையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்

பலர் எரிச்சல் சொற்களை ஒரே ஏணியில் அடுக்கப் பார்க்கிறார்கள்: லேசான எரிச்சல் கீழே, கடும் எரிச்சல் மேலே. அது பாதி உண்மை. சூடு ஒரு கணக்கு, வயது வேறு கணக்கு.

'நதயேலா' சூடு குறைந்த சொல், வயது அதிகம். ஒரே சூப்பைப் பல நாளாகச் சாப்பிட்டவர், ஒரே சாக்குப்போக்கைப் பலமுறை கேட்டவர் சொல்வது. முதல்முறை நடந்த ஒன்றுக்கு 'நதயேலா' சொல்ல முடியாது. 'பியேசித்' நேர்மாறு. 'பேஸ்' என்றால் பேய், பிசாசு. அந்த வேரிலிருந்து வந்த இந்தச் சொல்லில் சூடு கொதிக்கிறது, வயது எவ்வளவாகவும் இருக்கலாம். இன்றைக்குத்தான் பார்த்த விளம்பரம்கூட ஒருவரைப் 'பியேசித்' பண்ணலாம்.

ஆகவே 'நதயேலா' வந்தால் ஆங்கிலத்தில் 'சிக் ஆஃப்', 'டயர்ட் ஆஃப்', 'ஃபெட் அப் வித்' குடும்பம். 'பியேசித்' வந்தால் 'ட்ரைவ்ஸ் மீ மேட்', 'ட்ரைவ்ஸ் மீ அப் த வால்', 'ட்ரைவ்ஸ் மீ நட்ஸ்' குடும்பம். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் நான் மற்றவர்களின் வரைவுகளில் அடிக்கடி திருத்துகிற பிழை. 'நதயேலா' இருக்குமிடத்தில் 'இட் அனாய்ஸ் மீ' என்று போட்டால், மாதக்கணக்கில் சேர்ந்த அலுப்பு காணாமல் போய்விடும்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். 'ரஸ்த்ரஷாயெத்' எழுத்திலும் அலுவலகத்திலும் வரும் நடுநிலைச் சொல், 'இர்ரிடேட்ஸ்' போதும். 'தஸாத்னா' என்பது ஆள்மீதான எரிச்சலைச் சொல்லாது. ஒரு நிமிடத்தில் ரயிலை விட்டவர் சொல்வது. 'ஹவ் அனாயிங்' இங்கே மிகப் பொருத்தம். 'அபீத்னா' கேட்டால் எரிச்சல் என்று நினைக்காதீர்கள். அதில் மனம் நொந்த வருத்தம் இருக்கிறது. 'ஸதல்பால்' என்பது கொத்துவது, இடிப்பது என்ற வினையிலிருந்து வந்தது. தஸ்தாலைவிட ஒரு படி முரட்டுத்தனம். அதிகாரியிடம் சொல்ல மாட்டார்கள், நண்பர்களுக்குள் தாராளமாகப் புழங்கும்.

தலைக்குள் புகுந்து படுத்துகிற எரிச்சலுக்கு ரஷ்யத்தில் தனிப் பாரம்பரியமே உண்டு. 'காபத் ந மஸ்கீ' என்றால் மூளைமேல் சொட்டுச் சொட்டாக விழுவது. நம் ஊரில் 'நச்சு நச்சென்று நச்சரிப்பது'. 'பீலித்' என்றால் ரம்பம் போட்டு அறுப்பது, வீட்டுக்குள் நடக்கும் ஓயாத குறைசொல்லல். இவை இரண்டுக்கும் அகராதிகள் 'நேக்' என்று கொடுக்கும். ஆனால் ஆங்கிலத்தில் 'நேக்' சொல் பெண்களை நோக்கியே வீசப்பட்டு அந்தக் கறை படிந்துவிட்டது. மூலத்தில் அப்படி ஒரு குத்தல் இல்லையென்றால் 'கீப்ஸ் ஆன் அட் மீ' அல்லது 'இஸ் ஆல்வேஸ் ஆன் மை கேஸ்' நல்லது. 'வினசீத் மோஸ்க்' என்றால் மூளையையே வெளியே தூக்கிக்கொண்டு போவது, நம் 'மண்டையைக் காய வைக்கிறான்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஹீ'ஸ் டூயிங் மை ஹெட் இன்' இதற்கு அப்படியே கச்சிதம். அமெரிக்க வாசகருக்கு இது புரியாமல் போகலாம்; அங்கே 'ஹீ'ஸ் ட்ரைவிங் மீ கிரேஸி'.

நான்காம் படி: படத்தை வைத்துக்கொள்வதா, விடுவதா

மரபுத்தொடர்களில் பெரிய முடிவு இதுதான். என் வழக்கத்தைச் சொல்கிறேன்: படம் தானாகவே ஒத்துப்போனால் நன்றி சொல்லி எடுத்துக்கொள்வேன்; ஒத்துப்போகாவிட்டால் படத்தை விட்டுவிட்டுச் சூட்டையும் வயதையும் காப்பாற்றுவேன். கதை அந்தப் படத்துக்குள்ளேயே நடந்தால் மட்டும் படத்தை விடமாட்டேன்.

ஒத்துப்போகிறவை முதலில். 'தேய்ஸ்த்வுயெத் ந நேர்வி' என்பது நரம்புகள்மேல் வேலை செய்வது. 'கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்'. இதில் யோசிக்க எதுவுமில்லை. 'ஸீப்பத் சோல் ந ரானு', புண்ணில் உப்புத் தூவுவது. 'ரப் சால்ட் இன் த வூண்ட்'. 'காளைக்குச் சிவப்புத் துணி' இரண்டு மொழியிலும் உண்டு. 'ஃப்ஸ்தால் நி ஸ் தோய் நகீ' என்றால் தவறான காலில் எழுந்தவன்; ஆங்கிலத்தில் கால் போய்க் கட்டிலின் பக்கம் வரும். பிரிட்டனில் 'காட் அவுட் ஆஃப் பெட் ஆன் த ராங் சைட்', அமெரிக்காவில் 'வோக் அப் ஆன் த ராங் சைட் ஆஃப் த பெட்'.

'சீத் ப கோர்லா', அதாவது தொண்டைவரை நிரம்பிவிட்டது. இதற்கு 'ஐ'வ் ஹேட் இட் அப் டு ஹியர்' இருக்கிறது, பிரிட்டிஷ் பேச்சில் 'ஃபெட் அப் டு த பேக் டீத்' கூட உண்டு. வசன வரி எழுதுகிறவர்கள் இங்கே நடிகரின் கையைப் பார்க்க வேண்டும். ரஷ்யர் இதைச் சொல்லும்போது உள்ளங்கையின் விளிம்பைத் தொண்டைக்கருகே கொண்டுபோவதுண்டு. 'வோத் க்தே தி உ மின்யா சிதீஷ்', 'இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறாய் நீ' என்பதோடும் கை கழுத்துக்குப் போகும். திரையில் கை தெரிந்தால் 'அப் டு ஹியர்' தவிர வேறு எதையும் போடாதீர்கள். 'ஹியர்' என்ற சொல்லும் கையும் ஒரே நேரத்தில் வந்தால் பார்வையாளருக்கு அது மொழிபெயர்ப்பு என்பதே மறந்துவிடும்.

இனி ஒத்துப்போகாதவை. 'ஃப் பிச்சோன்கஹ் சிதீத்', கல்லீரலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலேயரின் கல்லீரலில் யாரும் உட்காருவதில்லை. 'ஐ'ம் சிக் டு டெத் ஆஃப் இட்' பொதுவான தீர்வு. கொஞ்சம் பழைய நடையில் பேசும் முதியவராக இருந்தால் 'ஐ'வ் ஹேட் எ பெல்லிஃபுல் ஆஃப் இட்' எனக்குப் பிடித்தது. உடம்புக்குள் இருக்கும் உறுப்பு என்கிற உணர்வாவது மிஞ்சும்.

'ஹூஷே கோர்கய் ரேத்கி', கசப்பு முள்ளங்கியைவிட மோசமாகச் சலித்துவிட்டான். 'ரேத்கா' என்பது குளிர்காலம் முழுக்கக் கெட்டுப்போகாமல் கிடக்கும் காரமான முள்ளங்கி. மலிவானது, இறைச்சி கூடாத நோன்பு நாட்களிலும் மேசைக்கு வரும். அதை மறுபடி மறுபடி தின்றவர்களின் அலுப்பு இந்தத் தொடரில் இருக்கிறது. நகரத்து இளைஞர் பேச்சில் வந்தால் 'சிக் அண்ட் டயர்ட் ஆஃப் ஹிம்' போதும். கிராமத்துக் கிழவியின் வாயில், சமையலறையில், முள்ளங்கி சீவும்போது வந்தால் முள்ளங்கியை விடக் கூடாது: 'ஐ'ம் சிக்கர் ஆஃப் ஹிம் தேன் ஆஃப் பிட்டர் ராடிஷ்' என்று எழுதுங்கள், ஆங்கில வாசகருக்குக் காட்சியே விளக்கம் கொடுத்துவிடும்.

'பான்னி லீஸ்த்' இன்னும் அழகானது. ரஷ்ய நீராவிக் குளியலறையான பான்யாவில் இலையோடு கூடிய பிர்ச் மரக் கிளைகளைக் கட்டாகக் கட்டி, வெந்நீரில் நனைத்து, உடம்பில் அடித்துக்கொள்வார்கள். இலைகள் உதிர்ந்து ஈரத் தோலில் ஒட்டிக்கொள்ளும். உதறினாலும் போகாது, விரலால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 'ப்ரிஸ்தால் காக் பான்னி லீஸ்த்' என்றால் அப்படி ஒட்டிக்கொண்டு விடாமல் பிடுங்குகிறான். ஆங்கிலத்தில் 'ஸ்டிக்ஸ் டு மீ லைக் க்ளூ', 'க்ளிங்ஸ் லைக் எ லிம்பெட்' என்றெல்லாம் உண்டு. ஆனால் அவை உடம்போடு ஒட்டுவதைச் சொல்கிற அளவுக்கு ஓயாமல் கேட்டுத் தொல்லை கொடுப்பதைச் சொல்வதில்லை. 'ஏதாவது வாங்கிக் கொடு, எப்போது போவோம்' என்று நாள் முழுக்க அரிக்கிறவனைப் பற்றிய பேச்சென்றால் 'ஹீ'ஸ் பீன் பெஸ்டரிங் மீ ஆல் டே' என்கிற படமில்லாத வாக்கியமே மேல்.

'ஸ்தயாத் நத் துஷோய்', ஆன்மாவுக்கு மேலே நிற்பது. வேலை செய்கிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று 'முடிந்ததா, முடிந்ததா' என்று பார்த்துக்கொண்டிருப்பது. இதற்கு ஆங்கிலத்தில் 'ப்ரீத்திங் டவுன் மை நெக்' காத்திருக்கிறது. படம் வேறு, இடம், வயது, சூடு மூன்றும் ஒன்று. 'நி ஸ்தோய் நத் துஷோய்!' என்பதை 'ஸ்டாப் ப்ரீத்திங் டவுன் மை நெக்!' என்று மாற்றும்போது எதையும் இழப்பதில்லை.

'கக்காயா மூஹா திப்யா உகுசீலா?', எந்த ஈ உன்னைக் கடித்தது? திடீரென்று சிடுசிடுக்கிறவரிடம் கேட்பது. 'வாட்ஸ் ஈட்டிங் யூ?' என்றால் பூச்சி கடிப்பதற்குப் பக்கத்தில் வருகிறதே என்று ஆசையாக இருக்கும். ஆனால் அது உள்ளுக்குள் அரிக்கும் கவலையை விசாரிக்கிற கேள்வி, கொஞ்சம் கரிசனம் கலந்தது. ரஷ்யக் கேள்வியில் 'திடீரென்று என்ன ஆயிற்று உனக்கு' என்கிற வியப்பே அதிகம். 'வாட்ஸ் காட் இன்டு யூ?' தான் சரி.

'தவிஸ்தீ த பேலவா கலேனியா', வெண்சூடுவரை கொண்டுபோவது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் வெளுக்கும். ஆகவே இது ஒரு நொடியில் வந்த கோபம் கிடையாது, படிப்படியாக ஏற்றப்பட்டது. 'இட் மேட் மீ ஸீ ரெட்' என்பது சட்டென்று பொங்குவது, இங்கே பொருந்தாது. 'ஹீ புஷ்ட் மீ டு பாய்லிங் பாயின்ட்' என்றால் ஏற்றியது தெரியும்.

ஐந்தாம் படி: ஏமாற்றும் ஒற்றுமைகள்

இதைத் தனிப் பட்டியலாக எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள் என்று புதியவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

'நி நிர்வீருய் மின்யா' என்பது 'டோன்ட் மேக் மீ நெர்வஸ்' ஆகாது. 'நெர்வஸ்' ஆங்கிலத்தில் பதற்றம். ரஷ்யர் சொல்வது 'எரிச்சலூட்டாதே'. 'டோன்ட் கெட் ஆன் மை நெர்வ்ஸ்'. ஒரு விசாரணைக் காட்சியில் இது தப்பாகப் போனால் மிரட்டுகிற ஆள் பயந்த ஆளாகத் தெரிவார்.

'பஸ்லேத்னியயா காப்லியா', கடைசிச் சொட்டு. ஆங்கிலத்தில் 'த லாஸ்ட் டிராப்' என்றால் புட்டியில் மிஞ்சிய கடைசிச் சொட்டைக் குடிப்பதுதான் நினைவுக்கு வரும். 'த லாஸ்ட் ஸ்ட்ரா', ஒட்டகத்தின் முதுகை முறித்த அந்தக் கடைசி வைக்கோல், அதைப் போடுங்கள். இதே தொடரின் நீண்ட வடிவத்தில் பொறுமையின் கோப்பை நிரம்பி வழியும். அங்கே 'மை கப்' என்று தொடங்கினால் ஆங்கில வாசகருக்கு 23ஆம் சங்கீதம் கேட்கும்: 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பின் 'மை கப் ரன்னெத் ஓவர்'. அங்கே நிரம்பி வழிவது ஆசீர்வாதம்! 'மை பேஷன்ஸ் ஹேஸ் ரன் அவுட்' என்று கோப்பையை விட்டு விலகுவது பத்திரம்.

'லேஸ்த் ந ஸ்தேனு', சுவரில் ஏறுவது. ரஷ்யர் வலியிலும் ஆத்திரத்திலும் ஏறுவார். ஆங்கிலத்தில் 'க்ளைம்பிங் த வால்ஸ்' என்றால் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்து பொறுமை போனவர். 'நஸ்துபீத் ந பல்னூயு மஸோல்', ஒருவரின் வலிக்கிற கால் ஆணியை மிதிப்பது. காலைப் பற்றியது என்பதால் 'ஸ்டெப் ஆன் ஹிஸ் டோஸ்' என்று கை நீளும். அது ஒருவருடைய அதிகாரத்துக்குள் மூக்கை நுழைப்பது. ரஷ்யத் தொடருக்குச் சரியானது 'டச் எ ரா நெர்வ்'. 'சேஸ்த் ந ஷேயு', கழுத்தில் ஏறி உட்காருவது. 'பெயின் இன் த நெக்' என்று நினைத்துவிடாதீர்கள், இது இன்னொருவர் உழைப்பில் ஒட்டிப் பிழைப்பதையோ தலைமேல் ஏறி ஆடுவதையோ சொல்கிறது.

ஆறாம் படி: எந்த ஊர் ஆங்கிலம்

தொடங்கும்போதே முடிவு செய்துவிட்டு, நடுவில் மாற்றாதீர்கள். 'கெட்ஸ் அப் மை நோஸ்', 'டஸ் மை ஹெட் இன்' இரண்டும் பிரிட்டன். 'டிக்ஸ் மீ ஆஃப்' அமெரிக்கா. பிரிட்டனில் 'டிக் ஆஃப்' என்றால் திட்டுவது. 'பிஸ்ட்' அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் குடிபோதை. 'பெட் பீவ்' அமெரிக்கா, 'பெட் ஹேட்' பிரிட்டன். 'எனக்கு எல்லாவற்றையும்விடக் கடுப்பேற்றுவது' என்று ரஷ்யர் 'போல்ஷே ஃப்சிவோ மின்யா பியேசித்' என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு இந்த இரண்டில் ஒன்று கைகொடுக்கும்.

பிரிட்டிஷ் ஆங்கிலம் அடக்கி வாசிக்கும். 'எதா உஷே ஸ்லீஷ்கம்', 'இது ரொம்ப அதிகம்' என்று ரஷ்யர் குரலை உயர்த்தும் இடத்தில் ஒரு லண்டன்காரர் 'தட்ஸ் எ பிட் மச்' என்று மட்டும் சொல்வார்; 'எ பிட்' என்பதைக் கேட்டு அது லேசான எரிச்சல் என்று எடைபோடக் கூடாது. ஆங்கிலத் தொடர் எந்தக் காலத்தது என்பதையும் பாருங்கள். 'ப்ரௌன்ட் ஆஃப்' போன்ற தொடர்களில் இரண்டாம் உலகப் போர்க்காலப் படைவீரர் வாடை இருக்கிறது. இன்றைய மாஸ்கோ மாணவன் வாயில் வைத்தால் ஒட்டாது. அந்த மாணவன் 'உ மின்யா பம்பீத்' என்பான், எனக்குள் குண்டு வெடிக்கிறது என்று. 'இட் ரியலி செட்ஸ் மீ ஆஃப்' அதற்குப் பக்கத்தில் வரும். கணினி விளையாட்டிலிருந்து வந்த 'அக்ரீட்சா' என்ற சொல்லுக்கு 'கெட்டிங் ஒர்க்ட் அப்' பாதுகாப்பான தேர்வு.

ஏழாம் படி: கெட்ட வார்த்தையின் அளவும் சின்னச் சொற்களும்

2014 ஜூலை 1 முதல் ரஷ்யாவில் திரையரங்கப் படங்களிலும் நாடக மேடையிலும் 'மாத்' என்று சொல்லப்படும் ஆபாச வசைகளுக்குச் சட்டப்படி தடை. அதற்குப் பின் வந்த படங்களில் பாத்திரங்கள் எரிச்சலில் 'ப்ளீன்!' என்றும் 'யோல்கி பால்கி!' என்றும் கத்துவதை நிறையக் கேட்கலாம். முதலாவது தோசை மாதிரியான மெல்லிய பண்டத்தின் பெயர், அதே எழுத்தில் தொடங்கும் வசைச்சொல்லை விழுங்கிக்கொள்வதற்கு வைத்தது. இரண்டாவது தேவதாரு மரங்களும் குச்சிகளும். இவற்றை ஆங்கிலத்தில் அச்சிட முடியாத சொல்லாக ஏற்றிவிடுகிற வசன வரிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வாயைக் கட்டுப்படுத்திக்கொண்ட ஒரு மனிதரை வசைபாடியாக்குவது நியாயமில்லை. 'ப்ளீன்' வந்தால் 'டார்ன்' அல்லது 'ஷூட்'. அங்கேயும் ஒரு வசை விழுங்கப்பட்டிருக்கிறது. 'யோல்கி பால்கி' வந்தால் 'ஃபார் க்ரையிங் அவுட் லவுட்'.

'நு', 'உஷே', 'ஷெ' போன்ற துணுக்குகளில்தான் பெருமூச்சு இருக்கிறது. 'நு ஸ்கோல்கா மோஷ்னா உஷே!' என்பதன் நேர்ப்பொருள் 'எவ்வளவுதான் முடியும்!'. அமெரிக்க ஆங்கிலத்தில் 'இனஃப் ஆல்ரெடி!' என்று ஒன்று இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் பேசியவர்கள் வழியாக வந்த அந்த 'ஆல்ரெடி', ரஷ்ய 'உஷே' செய்கிற அதே வேலையைச் செய்கிறது. பிரிட்டிஷ் வாசகருக்கு 'கிவ் இட் எ ரெஸ்ட், வில் யூ!' எழுதுங்கள், கடைசியில் வரும் 'வில் யூ' அந்தப் பெருமூச்சை வாங்கிக்கொள்ளும்.

எட்டாம் படி: சரிபார்த்தல்

2004 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது ரஷ்ய மொழியின் தேசியச் சொற்றொகை, அதாவது எழுத்திலும் பேச்சிலும் வந்த உண்மையான வாக்கியங்களைத் தேடும்படி திரட்டிய தொகுப்பு. ஒரு தொடரைப் போட்டுத் தேடினால் எந்தக் காலத்தில், எந்த மாதிரி நூலில், யார் வாயில் வந்தது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலப் பக்கம் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகையும், 100 கோடியைத் தாண்டிய தற்கால அமெரிக்க ஆங்கிலச் சொற்றொகையும் இருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த தொடர் இரண்டிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். அச்சு அகராதிகளில் சோஃபியா லூபென்ஸ்கியின் ரஷ்ய ஆங்கில மரபுத்தொடர் அகராதி, 1995இல் வந்து 2013இல் திருத்தப்பட்டது, கையில் இருக்க வேண்டியது. தொடரின் இலக்கண அமைப்பையும் பேச்சு நடையையும் அது சேர்த்தே காட்டும்.

வசன வரி என்றால் இடமும் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் ஆங்கில வசன வரிக்கு ஒரு வரியில் 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி. ஒற்றைச் சொல்லாக 'தஸ்தால்!' என்று வெடித்துவிட்டு நடிகர் கதவைச் சாத்தினால் நீளமான தொடருக்கு நேரமே இருக்காது; 'ஐ'வ் ஹேட் இட்!' போதும்.

ஒரு முழு உதாரணம்

பீட்டர்ஸ்பர்க்கில் பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்கிற பழைய குடியிருப்பு ஒன்று. கழுவாத பாத்திரக் குவியலைப் பார்த்து ஒரு பெண் பக்கத்து அறைப் பையனிடம் சொல்கிறாள்: 'ஸ்லூஷய், நு ஸ்கோல்கா மோஷ்னா? த்ரேத்தி தேன் பசூதா ஸ்தயீத். தி மின்யா உஷே தஸ்தால், சேஸ்னயெ ஸ்லோவா. மோய் தவாய்!'

ஒருமையில் பேசுகிறாள், ஆள் எதிரில் நிற்கிறான், வயது மூன்று நாள், சூடு தஸ்தால் அளவு, வசை எதுவும் இல்லை. ஆகவே பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அக்கம்பக்கத்துப் பேச்சாக வைத்துக்கொள்வோம்.

'ஸ்லூஷய்' நேர்ப்பொருளில் 'கேள்'. சண்டையைத் தொடங்கும்போது ஆங்கிலத்தில் 'லுக்' என்பார்கள். 'ஸ்கோல்கா மோஷ்னா'வுக்கு மேலே சொன்ன 'கிவ் இட் எ ரெஸ்ட்' இங்கே பொருந்தாது, அவன் பேசித் தொல்லை கொடுக்கவில்லை. 'ஹவ் மச் லாங்கர்?' என்றால் பாத்திரத்துக்குப் பொருந்தும். 'த்ரேத்தி தேன்' என்பது மூன்றாவது நாள். 'த தர்ட் டே' என்று எழுதாமல் 'தோஸ் டிஷஸ் ஹேவ் பீன் சிட்டிங் தேர் ஃபார் த்ரீ டேஸ்' என்று ஆங்கிலம் எண்ணுகிறபடி எண்ணுங்கள். 'சேஸ்னயெ ஸ்லோவா' சத்தியமான வார்த்தை என்று பொருள்படும். பிரிட்டிஷ் பேச்சில் 'ஆனஸ்ட்லி' என்ற ஒற்றைச் சொல்லே ஒரு சலிப்பு. அதை முன்னால் கொண்டுவந்தால் 'ஆனஸ்ட்லி, ஐ'வ் ஹேட் இட் வித் யூ'.

மிச்சமிருப்பது 'மோய் தவாய்'. 'தவாய்' அவசரப்படுத்துகிறது, அதனால் 'கோ ஆன்' வேண்டும். கழுவுவதற்கு பிரிட்டனில் 'வாஷ் அப்' என்றால் பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் அதே தொடருக்குக் கை முகம் கழுவிக்கொள்வது என்று பொருள். படம் இரண்டு நாட்டிலும் ஓடும் என்றால் 'கோ ஆன், டூ த டிஷஸ்' என்று முடியுங்கள்.